'இஃப்' வாக்கியம் படிக்க எந்த வழி: அட்டவணையா, தமிழா, மனப்பாடமா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தன் இரண்டு பிள்ளைகளை வளர்த்ததோடு, பத்து வருடமாக அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டவர். போன மழைக்காலத்தில், சிங்கப்பூரில் குழந்தை பார்க்கும் வேலைக்காக அவருக்கு ஃபோனில் இன்டர்வியூ நடந்தது. ஃபோனில் பேசிய சிங்கப்பூர் வீட்டு அம்மா நான்காவதாக ஒரு கேள்வி கேட்டார்: 'வாட் வுட் யூ டூ இஃப் தி சைல்ட் ஃபெல் டவுன்?' அக்கா பதறிப்போய், 'நோ மேடம், தி சைல்ட் டிட் நாட் ஃபால்' என்றார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதே பதில், இந்த முறை அழுகுரலில். அத்தோடு இன்டர்வியூ முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் குடையை மடித்து வாசலில் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "என் கையிலிருந்து ஒரு குழந்தைகூட விழுந்தது இல்லை. விழுந்துச்சு, விழுந்துச்சுன்னு ஏன் தங்கச்சி கேட்டாங்க?"

அவர்கள் கேட்டது 'குழந்தை விழுந்தால் என்ன செய்வீர்கள்?' என்றுதான். அந்தக் கேள்வியில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுமே இல்லை. 'ஃபெல்' என்றால் 'விழுந்தது' என்று சரியாகத்தான் படித்து வைத்திருந்தார். 'இஃப்'போடு சேர்ந்து, கூட 'வுட்'டும் வந்துவிட்டால், அந்த 'ஃபெல்' நடந்ததைச் சொல்லாது, மனதில் நினைத்துப் பார்ப்பதைத்தான் சொல்லும். இத்தனை வருடப் படிப்பில் அதை ஒருவரும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை.

நான் ரங்கூனில் வீட்டு மாடியில் சாயங்காலம் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பர்மியத்தில் 'சயாமா', அதாவது டீச்சர், என்பார்கள், மீதிப் பேர் 'அக்கா' என்பார்கள். நிபந்தனை வாக்கியங்களை, அதாவது 'இப்படி ஆனால் அப்படிச் செய்வேன்' என்கிற வகை வாக்கியங்களை, மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று புத்தகத்தில் இருக்கும் எண் போட்ட அட்டவணை. இன்னொன்று தமிழில் நாம் பேசுகிற 'ஆல்' வாக்கியத்திலிருந்து தொடங்குவது. மூன்றாவது, தேவைப்படும் வாக்கியங்களை முழுசாக மனப்பாடம் செய்வது. "பிள்ளைக்கு எது நல்லது?" என்று கேட்கிற பெற்றோருக்கும், வேலைக்காகத் தானே உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் தமிழிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

அட்டவணை வழி

இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நான்கு கட்டம் இருக்கும்: ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட். ஜீரோ கண்டிஷனல் எப்போதும் உண்மையாக இருப்பதற்கு: 'இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.' ஃபர்ஸ்ட், நடக்க வாய்ப்பு இருப்பதற்கு: 'இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே ஹோம்.' செகண்ட், கற்பனைக்கு: 'இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ்.' தேர்ட், நடக்காமல் போனதற்கு: 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.' இரண்டைக் கலந்தால் மிக்ஸ்ட்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. கடையில் வாங்கும் எந்த இலக்கணப் புத்தகத்திலும், ஃபோனில் பார்க்கும் எந்த வீடியோவிலும் இதே பெயர்கள்தான். பிள்ளை நாளைக்கு வேறு ஆசிரியரிடம் போனாலும் பேச்சு மாறாது. கோடிட்ட இடத்தை நிரப்பு, 'அன்லெஸ்' போட்டு மாற்றி எழுது என்கிற மாதிரிப் பரீட்சைக் கேள்விகளுக்கு அட்டவணை கை கொடுக்கும். மார்ச் மாதப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, புரிந்ததை வேகமாகத் திருப்பிப் பார்க்க இதைவிடச் சுருக்கமான ஒன்று எனக்குத் தெரியாது.

இதையே முதல் பாடமாக வைக்கும்போதுதான் தொல்லை. வாய் திறந்து பேச வேண்டிய பிள்ளை, 'இது எத்தனையாம் நம்பர்?' என்று தேடிக்கொண்டு நிற்கும். ஒரு பையனிடம் "லாட்டரி விழுந்தால் என்ன செய்வாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணி, "செகண்ட், சயாமா" என்றான். பதில் வரவில்லை, நம்பர் வந்தது. அவன் பத்துக்குப் பத்து வாங்குகிற பையன்.

உண்மையில் மனிதர்கள் பேசுகிற ஆங்கிலம் இந்த நான்கு கட்டத்துக்குள் அடங்குவதும் இல்லை. 'இஃப் யூ ஆர் டயர்ட், டேக் எ ரெஸ்ட்' எந்தக் கட்டம்? 'இஃப் ஹீ லெஃப்ட் அட் சிக்ஸ், ஹீ மஸ்ட் பி ஹோம் பை நவ்' என்பதைப் பாருங்கள். 'ஆறு மணிக்கே கிளம்பினான் என்றால் இந்நேரம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டுமே' என்பதுதான் பொருள். இங்கே 'லெஃப்ட்' நிஜமான இறந்தகாலம், கற்பனையே இல்லை. அட்டவணையை மட்டும் நம்பும் பிள்ளை 'இஃப்'போடு 'லெஃப்ட்' வந்ததைப் பார்த்ததும் 'செகண்ட்' என்று எழுதிவிட்டுப் பின்பாதியில் 'வுட்' தேடும்.

இன்னொரு குறை தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போவதாக நினைத்துத்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு அந்த வரிசை பொருந்தாது. மூன்றாவது நமக்கு மிக எளிது, இரண்டாவதுதான் மலை. ஏன் என்று அடுத்த வழியில் தெரியும்.

தமிழ் வழி

பலகையில் நான்கு சொல் எழுதுவேன்: வந்தான், போனான், விழுந்தான், சாப்பிட்டான். "இது எப்போது நடந்தது?" என்று கேட்பேன். "நேற்று", "முன்னாடி" என்பார்கள். அப்புறம் ஒவ்வொரு சொல்லிலும் கடைசி 'ன்'னை அழித்துவிட்டு 'ல்' போடுவேன். வந்தால், போனால், விழுந்தால், சாப்பிட்டால். "இப்போது சொல்லுங்கள், எப்போது?"

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. "நாளைக்கு வந்தால்னும் சொல்லலாமே, அக்கா" என்று ஒரு குரல் வரும். அதற்காகத்தான் காத்திருப்பேன்.

நாம் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும்போதும் 'நாளைக்கு மழை பெய்தால்' என்கிறோம். 'பெய்தது', 'பெய்தால்' இரண்டிலும் இருப்பது ஒரே இறந்தகால அடி. 'வருவால்' என்றோ 'வருகிறால்' என்றோ தமிழில் ஒரு சொல்லே கிடையாது. நிபந்தனை என்று வந்துவிட்டால் தமிழ் எப்போதும் இறந்தகாலத்தின் மேல்தான் 'ஆல்' வைக்கிறது. 'நாளைக்கு என்று சொல்லிவிட்டு ஏன் ஃபெல், ஏன் ஹேட், ஏன் வென்ட்?' என்று ஆங்கிலத்தைப் பார்த்து மலைக்க நமக்குக் காரணமே இல்லை. பிறந்ததிலிருந்து நாம் செய்துகொண்டிருப்பதைத்தான் ஆங்கிலமும் செய்கிறது. இந்த ஒரு பாடம் அந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்திருந்தால், 'ஃபெல்' காதில் விழுந்ததும் பதறியிருக்க மாட்டார்.

ஆனால் தமிழ் எல்லா 'ஆல்'லுக்கும் ஒரே அடியைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. நடக்க வாய்ப்பு இருப்பதற்கு நிகழ்காலம், வெறும் நினைப்புக்கு இறந்தகாலம். நமக்குக் கடினமான இடம் இதுதான்.

'கையில் காசு இருந்தால் தருகிறேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் தடவுகிறார். இன்னொருவர் பெருமூச்சு விட்டு, 'காசு இருந்தால் தந்திட மாட்டேனா' என்கிறார். இரண்டிலும் 'இருந்தால்'தான். முகத்தையும் குரலையும் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் முதல் ஆள் 'இஃப் ஐ ஹேவ் மனி, ஐ வில் கிவ் யூ' என்பார். இரண்டாவது ஆள் 'இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் கிவ் யூ' என்பார். இரண்டாவதைக் கேட்ட ஆங்கிலேயருக்கு அது 'இல்லை' என்கிற பதில். கதவு சாத்தியாகிவிட்டது.

இதில் தடுக்கினால் நஷ்டம் உண்டு. என்னிடம் படித்த ஒரு தம்பி சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு 'இஃப் வி ஹேட் ஸ்பேஸ், வி வுட் சென்ட் இட் திஸ் வீக்' என்று எழுதிவிட்டான். இடம் கிடைத்தால் இந்த வாரமே அனுப்புகிறோம் என்பது அவன் மனதில் இருந்தது. எதிரே இருந்தவர் 'இடம் இல்லை, அனுப்ப முடியாது' என்று படித்துவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார். 'வந்தான், வந்தால்' என்கிற அந்த 'ஆன்–ஆல்' பாடத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பிரிப்பதற்கு அன்றைக்குப் போதுமான பயிற்சி கொடுக்கவில்லை. அதிலிருந்து அந்தப் பாடத்தையும் பிரிக்கும் பயிற்சியையும் ஒரே நாளில்தான் வைக்கிறேன்.

பிரிக்க நான் ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்: 'மட்டும்'. 'என்கிட்ட மட்டும் ஒரு கார் இருந்தால்', 'எனக்கு மட்டும் சிறகு இருந்தால்' என்று நாம் ஏங்கும்போது 'மட்டும்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். ஏக்கமாகவோ கற்பனையாகவோ ஒலித்தால் ஆங்கிலத்தில் 'ஹேட்', 'வுட்' பக்கம் போகலாம். 'மழை பெய்தால் வகுப்புக்கு வர மாட்டேன்' என்பதில் 'மட்டும்' போட்டால் சும்மா ஒட்டாமல் நிற்கும். ஜூலை மாத ரங்கூனில் மழையை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அங்கே 'ரெயின்ஸ்', 'வில்'. இது எல்லா இடத்திலும் செல்லாது. 'நீ மட்டும் இதைத் தொட்டால், பார்' என்று அம்மா மிரட்டும்போது 'மட்டும்' இருக்கிறது, ஆனால் நடக்கக்கூடியதைத்தான் சொல்கிறார். மிரட்டலை விட்டுவிட்டால் பத்துக்கு எட்டு தடவை உதவுகிறது என்பது என் அனுபவம்.

இனி, நடக்காமல் போனதைச் சொல்லும் அந்த மூன்றாவது வகை வாக்கியம். புத்தகத்தில் கடைசியாக வைத்துப் பயமுறுத்துவார்கள். நான் அதை இரண்டாவது வாரமே எடுக்கிறேன், அதற்கு நம் வீட்டுக் கதைகளையே எடுக்கிறேன்.

பர்மாத் தமிழர் வீட்டில் ஒரு 'இருந்திருந்தால்' இல்லாமல் இருக்காது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடந்தவர்கள் உண்டு, நடக்காமல் நின்றவர்கள் உண்டு. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனபோது, கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் ஏராளம். சென்னையில் பர்மா பஜார் உருவானது அவர்களால்தான். நாங்கள் போகாமல் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்.

அதனால் பலகையில் இதை எழுதுவேன்: 'தாத்தா கப்பல் ஏறியிருந்தால், நான் மெட்ராஸில் வளர்ந்திருப்பேன்.' பிள்ளைகள் அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஏறி, இருந்தால். வளர்ந்து, இருப்பேன். ஒவ்வொரு பாதியிலும் வேலையைச் சொல்லும் ஒரு வினை, அதற்குத் துணையாக 'இரு'. கீழே ஆங்கிலத்தை வைப்பேன்: 'இஃப் மை கிராண்ட்ஃபாதர் ஹேட் டேக்கன் தி ஷிப், ஐ வுட் ஹேவ் க்ரோன் அப் இன் மெட்ராஸ்.' நாம் 'இரு' வைக்கும் இடத்தில் அவர்கள் 'ஹேவ்' வைக்கிறார்கள். 'இருந்தால்' இருக்கும் இடத்தில் 'ஹேட்', 'இருப்பேன்' இருக்கும் இடத்தில் 'வுட் ஹேவ்'. துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது. மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை, மாட்டிவிட வேண்டியதுதான்.

'மிக்ஸ்ட்' என்று தனிப் பாடமாக நடத்துவதும் இதிலேயே சும்மா வந்துவிடும். 'தாத்தா கப்பல் ஏறியிருந்தால் நான் இப்போது மெட்ராஸில் இருப்பேன்.' பின்பாதி இன்றைக்கு உள்ள நிலை. 'ஐ வுட் பி இன் மெட்ராஸ் நவ்.' 'இருந்திருப்பேன்' என்பதற்கும் 'இருப்பேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் காதுக்கு ஏற்கெனவே தெரியும். அதே வித்தியாசம்தான் 'வுட் ஹேவ் பீன்', 'வுட் பி'.

ஒரு முறை இந்தப் பாடத்தில், பதினோரு வயதுப் பெண் ஒருத்தி நோட்டில் இப்படி எழுதிக் காட்டினாள்: 'தாத்தா கப்பல் ஏறியிருந்தால், அப்பா அம்மாவைப் பார்த்திருக்க மாட்டார்.' அவள் அம்மாவின் ஊர் இங்கே பர்மாவிலேயே இருக்கும் மோல்மேன். 'மை ஃபாதர் வுட் நாட் ஹேவ் மெட் மை மதர்' என்று அவளே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லை. கொஞ்சம் நேரம் கழித்து, "அப்போ நானும் இருந்திருக்க மாட்டேன்ல, அக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் வேறு உதாரணம் எதுவும் எடுக்கவில்லை.

தமிழ் வழியில் இன்னொரு லாபம், 'என்றால்'. 'சந்தைக்குப் போனால் கறிவேப்பிலை வாங்கு' என்பதும் 'சந்தைக்குப் போகிறாய் என்றால் கறிவேப்பிலை வாங்கு' என்பதும் ஒன்றில்லை. இரண்டாவதில் நீ செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாய். அதை நான் பார்த்துவிட்டேன். ஆங்கிலத்தில் 'இஃப் யூ ஆர் கோயிங் டு தி மார்க்கெட்'. அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லாத இந்த வாக்கியத்தை, 'என்றால்' தெரிந்த பிள்ளை உடனே பிடித்துக்கொள்கிறது. மேலே சொன்ன 'ஆறு மணிக்குக் கிளம்பினான் என்றால்' வாக்கியமும் இந்த வகைதான்.

இந்த வழி யாருக்குத் தோற்கிறது

வீட்டில் பாட்டியோடு தமிழ், வெளியே எல்லோரோடும் பர்மியம் என்று வளர்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. கோயிலில் விடுமுறைத் தமிழ் வகுப்புக்குப் போவார்கள், பாட்டு பாடுவார்கள். ஆனால் மனதுக்குள் ஓடுவது பர்மியம். அவர்களிடம் 'வந்தான், வந்தால்' என்று எழுதினால் அதுவே ஒரு புதுப் பாடமாகிவிடும். ஒரு பாரத்தை இறக்க இன்னொரு பாரத்தை ஏற்றிய கதை.

அவர்களுக்குப் பர்மியத்திலிருந்தே தொடங்கலாம். மழை பெய்தால் என்பதற்கு 'மோ யுவா யின்' என்பார்கள். நம் 'ஆல்' இருக்கும் அதே இடத்தில், வினைக்குப் பின்னால், 'யின்'. பழைய தமிழில் 'பெய்யின்', 'செயின்' என்று நாம் சொன்னதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, ஒலி மட்டும் ஒத்துப்போகிறது. ஆனாலும் பிள்ளைகள் இதைக் கேட்டு மகிழ்ந்துபோவார்கள், பாட்டியிடம் போய்ச் சொல்வார்கள். பர்மியத்தில் வினையின் முடிவில் வரும் 'தெ', நடந்தது அல்லது நடப்பது என்று உறுதியாகச் சொல்லும். 'மெ' இனி நடக்கப்போவதை, இன்னும் நடக்காததைச் சொல்லும். 'வில்', 'வுட்' இரண்டும் 'மெ' பக்கம் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் பின்பாதியைச் சரியாக எழுதிவிடுவார்கள். முன்பாதியில்தான் தவறுவார்கள். பர்மிய வினை காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. அதனால் 'இஃப் ஹீ கம் யெஸ்டர்டே' என்று வினையை மொட்டையாக எழுதுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு அட்டவணை கொஞ்சம் சீக்கிரமே வேண்டும். இதை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

எந்த மொழியில் தொடங்கினாலும் ஒரு சங்கடம் பொது. தமிழும் பர்மியமும் நிபந்தனையை வினையின் வாலில் வைக்கின்றன, ஆங்கிலம் 'இஃப்' என்று தலையில் வைக்கிறது. பேச்சு வேகத்தில் அந்தத் தலை நழுவிப்போனால், பின்னால் வருவது முழுவதும் நடந்த கதையாகக் கேட்கும். அக்காவுக்கு நேர்ந்தது பாதி இதுவும்தான். அதிலும் 'இஃப் ஐ'ட் நோன், ஐ'ட் ஹேவ் கம்' என்று சுருக்கிப் பேசினால், முதல் 'ட்' ஹேட், இரண்டாவது 'ட்' வுட். கண்ணால் படித்தவர்களுக்கு இது காதில் ஏறவே ஏறாது. இதற்கு மூன்று வழியிலும் மருந்து இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக வேண்டும்.

மனப்பாட வழி

அடுத்த வாரம் விமானம் ஏறுகிறவருக்கு இலக்கணம் பேசுவது பாவம். அவருக்கு வாக்கியங்களைக் கையில் கொடுக்க வேண்டும். 'இஃப் யூ நீட் எனிதிங், ப்ளீஸ் கால் மீ.' 'இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் வெயிட்.' 'இஃப் ஐ அம் லேட், ஐ வில் மெசேஜ் யூ.' 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ சாட் ஹியர்?' இருபது வாக்கியம் வாயில் பழகிவிட்டால் ஒரு மாதத்தை ஓட்டலாம். உச்சரிப்பும் ஏற்ற இறக்கமும் கூடவே வந்துவிடும், மற்ற இரண்டு வழிகளிலும் இது கிடைக்காது. 'இஃப் ஐ வேர் யூ' என்பதில் 'ஐ'க்கு ஏன் 'வேர்' என்று கேட்டுக்கொண்டிருக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நல்லது. பேச்சில் 'வாஸ்' என்றும் சொல்கிறார்கள். எழுதும்போது 'வேர்' எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் மனப்பாடம் செய்த வாக்கியம் கேள்விக்குத் தக்கபடி வளையாது. சொந்தமாக ஒரு வாக்கியம் தேவைப்படும் நிமிடத்தில் வாய் அடைத்துவிடும். இன்டர்வியூவில் கேட்கிறவர்கள் நம் இருபதிலிருந்து கேட்பதில்லையே.

கப்பலில் வேலைக்குப் போகும் பையன்களுக்கு மட்டும் இந்த வழியே முதல் வழி. ரங்கூனிலிருந்து கடல் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய, எங்கள் பிள்ளைகளும் அதில் உண்டு. கப்பல்களுக்கு இடையே வானொலியில் பேசுவதற்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஒரு தரமான சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதில் 'மைட்', 'ஷுட்', 'குட்' போன்ற சொற்களையே தவிர்க்கச் சொல்கிறார்கள். கப்பல் போகும் நீர்ப்பாதையை 'ஃபேர்வே' என்பார்கள். 'ஐ மைட் என்டர் தி ஃபேர்வே' என்று சொல்லக்கூடாது. 'இன்டென்ஷன்' என்று முதலில் அறிவித்துவிட்டு, 'ஐ வில் என்டர் தி ஃபேர்வே' என்று சொல்ல வேண்டும். நுழைவாரா மாட்டாரா என்று எதிரே வரும் கப்பல் யோசித்துக்கொண்டிருந்தால் இரண்டு கப்பலும் முட்டிக்கொள்ளும். நான் வகுப்பில் அழகாகச் சொல்லிக்கொடுக்கும் 'வுட்', 'மைட்' எல்லாம் அங்கே ஆபத்து. அந்தப் பையன்களுக்கு அவர்கள் பயிற்சியில் கொடுக்கும் வாக்கியங்களை எழுத்து மாறாமல் பழக்குகிறேன். கூடவே 'இஃப் தி அலாரம் சவுண்ட்ஸ், கோ டு யுவர் மஸ்டர் ஸ்டேஷன்' மாதிரி, 'இஃப்'புக்குப் பின்னால் நேரே கட்டளை வரும் வாக்கியங்கள். மீதியை லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் பிள்ளை ஆறாவது, ஏழாவது படிக்கிறது, வீட்டில் தமிழில் சண்டை போடுகிறது என்றால் தயங்காமல் தமிழ் வழி. சண்டையைச் சும்மா சொல்லவில்லை. கோபத்தில் எந்த மொழி வருகிறதோ அந்த மொழிதான் பாலமாக நிற்கும். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் நடக்கக்கூடியது, அடுத்து நடக்காமல் போனது, கடைசியில்தான் கற்பனை. கற்பனைக்கு மற்ற இரண்டுக்கும் கொடுத்த நாளைச் சேர்த்துக் கொடுங்கள். பள்ளியில் புத்தக வரிசையில் நடத்துவார்கள், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இந்த வருடம் பரீட்சை எழுதுகிறவர் இதே அடித்தளத்தில் நின்று, கடைசி இரண்டு மாதம் அட்டவணைக்கு வரலாம். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் யாரும் செகண்டா தேர்டா என்று கேட்கப்போவதில்லை. பேச்சுத் தேர்வின் கடைசிப் பகுதியில் 'இப்படி நடந்தால் உங்கள் ஊர் எப்படி மாறும்?' என்கிற மாதிரிக் கேள்விகள் வரலாம். கேள்வி 'வுட்'டில் வந்தால் பதிலும் 'வுட்'டில் தொடங்கட்டும். கேட்ட 'வுட்'டை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பர்மியத்தில் யோசிக்கும் பிள்ளைக்கு 'யின்'னில் தொடங்கி, சீக்கிரமே அட்டவணை. அவசரமாக வெளிநாடு போகிறவருக்கு இருபது வாக்கிய மனப்பாடம். ஆனால் ஒரே ஒரு சாயங்காலமாவது 'ஆன்–ஆல்' பாடத்துக்கு ஒதுக்கிவிட்டுப் போங்கள். கேட்கப்படும் கேள்வியைப் புரிந்துகொள்ள அது போதும்.

அந்த அக்காவோடு அப்படித்தான் உட்கார்ந்தேன். நான்கு சாயங்காலம் 'வந்தான், வந்தால்', மீதி நாள் எல்லாம் வாயால் கேள்வி பதில். அவர் சமையல் செய்யும்போது நான் வாசலில் நின்று கேட்பேன்: பால் பொங்கினால்? கரண்ட் போனால்? குழந்தை காய்ச்சலில் சுருண்டுகொண்டால்? முதலில் தமிழில் பதில், உடனே ஆங்கிலத்தில். அவருக்கு நம்பர் எதுவும் சொல்லவே இல்லை. பர்மியப் புத்தாண்டான திங்யானின் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் புத்தாண்டும் முடிந்த அடுத்த வாரம் மறுபடி ஓர் இன்டர்வியூ வந்தது. வேறு வீடு, வேறு அம்மா. 'வாட் வுட் யூ டூ இஃப் யூ லாஸ்ட் தி ஹவுஸ் கீ?' என்று கேட்டார்களாம். 'லாஸ்ட்' என்றதும் ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது, 'தொலைந்தால்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன் என்றார். அப்புறம் சொன்ன பதில்: 'ஐ வுட் கால் யூ ஃபர்ஸ்ட், மேடம். ஐ வுட் நாட் லீவ் தி சைல்ட் அலோன்.'

ஜூலையில் கிளம்பிப் போனார். இப்போதும் எனக்கு மெசேஜ் அனுப்புகிறார். 'இஃப் ஐ வில் கெட் லீவ், ஐ வில் கம்' என்று 'வில்'லை இரண்டு இடத்திலும் போட்டுத்தான் எழுதுகிறார். லீவு கிடைத்து வரட்டும், அதை நேரில் திருத்திக்கொள்கிறேன்.